இரண்டு இரவு நின்றால் ஸ்டார்ட் ஆகாத வான்: உப்புவெளி வாசகருக்குப் பதில்

கேள்வி: நான் உப்புவெளியில் வசிக்கிறேன். டீசல் டொயோட்டா டொல்பின் வான் ஒன்றில் சுற்றுலாப் பயணிகளை நிலாவெளிக்கும் கன்னியாவுக்கும் ஏற்றி இறக்குவதே என் தொழில். வான் ஒரு இரவு நின்றால் காலையில் மெதுவாகச் சுற்றி ஸ்டார்ட் ஆகிறது. இரண்டு, மூன்று இரவுகள் நின்றால் அசையவே மாட்டாது. பற்றரியை இரண்டு தடவை மாற்றிவிட்டேன். ஒரு கராஜில் ஒல்டர்னேற்றரையும் மாற்றினார்கள். மாற்றுவதற்கு முன்பும் பின்பும், எஞ்சின் ஓடும்போது 14.2 வோல்ற்று காட்டியது. இவை போதாதென்று, சில நாட்களில் மத்தியான வெயிலில் நீண்ட தூரம் ஓடி நிறுத்திய பின் திறப்பைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கிறது. நாலைந்து தரம் திருப்பினால் பிடித்துக்கொள்கிறது. இப்போது இன்னொரு கராஜில் ஸ்டார்ட்டர் மோட்டரை மாற்றச் சொல்கிறார்கள். முதல் கராஜில் எஞ்சின் ஓடும்போதே பற்றரி வயரைக் கழற்றிச் சோதித்தார்கள். அது சரியான முறையா? நான் எதைத்தான் மாற்ற வேண்டும்?

பதில்:

அன்புடையீர், இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். உங்கள் கடிதத்தில் ஒரு பழுது அல்ல, இரண்டு பழுதுகள் இருக்கின்றன. இரண்டின் முடிவும் ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்பதாகவே இருப்பதால், பார்த்தவர்கள் எல்லோரும் அவற்றை ஒன்றாக எண்ணி, அந்த ஒன்றுக்கு ஒரு பொருளைத் தேடியிருக்கிறார்கள். வான் நின்ற பின் காலையில் சுற்றாமல் போவது, பற்றரியில் இருந்த மின் நிற்கும் நேரத்தில் எங்கோ போய்விடுவதைக் காட்டுகிறது. மத்தியானத்தில் நீண்ட தூரம் ஓடி நிறுத்திய உடனே கேட்கும் ‘டக்’ சத்தத்துக்கு அந்தக் காரணம் பொருந்தாது. ஏனெனில் அந்த நேரத்தில்தான் உங்கள் பற்றரி நாளில் அதிகபட்ச ஏற்றத்தோடு இருக்கிறது. முதலாவது மின்கசிவு. இரண்டாவது, இருக்கும் மின் ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேராத பழுது. இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டால், ஒவ்வொன்றையும் வோல்ற்றையும் அம்பியரையும் அளக்கும் ஒரு மல்ரிமீற்றரின் உதவியோடு அளந்தே கண்டுபிடிக்கலாம்.

எஞ்சின் ஓடும்போது 14.2 வோல்ற்று வந்ததென்றால், அந்த ஒல்டர்னேற்றர் மின்னை உற்பத்தி செய்து பற்றரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது என்று பொருள். 13.8 இற்கும் 14.5 இற்கும் இடையில் எது வந்தாலும் அது சரியான அளவே. ஆகவே பழைய ஒல்டர்னேற்றர் ஏற்றம் கொடுக்கவில்லை என்ற காரணத்துக்காக அதை மாற்றியிருந்தால், அந்தக் காரணம் அங்கே இருக்கவில்லை. ஆனால் இந்த அளவு எஞ்சின் ஓடும்போது நடப்பதை மட்டுமே சொல்கிறது. எஞ்சின் நின்ற பின் அதே ஒல்டர்னேற்றரின் உள்ளே, மின்னை ஒரு திசையில் மட்டும் விட வேண்டிய டயோட்டுகள் வழியாக மின் திரும்பிக் கசிகிறதா என்பதை அது சொல்லாது. பொருத்தப்பட்டிருப்பது பழுதுபார்த்து விற்கப்பட்ட ஒன்றாக இருந்தால், அதையும் சந்தேகப் பட்டியலில் வைத்தே சோதிக்க வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை இனி எவரும் உங்கள் வாகனத்தில் செய்ய விடாதீர்கள். ஒல்டர்னேற்றர் தரும் மின்னின் ஏற்றத்தாழ்வுகளைத் தாங்கி அமைதிப்படுத்துவது பற்றரிதான். ஓடும்போது அதைத் திடீரென்று பிரித்தால், மின்னழுத்தம் ஒரு கணத்தில் பல மடங்கு எகிறி, ஒல்டர்னேற்றரின் டயோட்டுகளையும், மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றரையும் கெடுக்கக்கூடும். நல்ல ஒல்டர்னேற்றரைச் சோதிக்கப் போய் அதைக் கெடுத்து, பிறகு அது கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது வாகனச் சொந்தக்காரருக்குச் செய்யும் அநியாயம். மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் நிறைந்த இக்காலத்து வாகனங்களில் இதன் சேதம் இன்னும் பெரிது. மீற்றரை வைத்து அரை நிமிடத்தில் படிக்கக்கூடிய ஓர் எண்ணுக்காக இந்த ஆபத்தை மேற்கொள்ள எந்தத் தேவையும் இல்லை.

இனி முதலாவது பழுதுக்கு வருவோம். பற்றரியை முதலில் ஒரு சார்ஜரில் போட்டு முழுமையாக ஏற்றுங்கள். வானை ஓட்டியே ஏற்றிவிடலாம் என்று எண்ண வேண்டாம். பற்றரி ஏறக்குறைய நூற்றுக்கு 80 பங்கு நிறைந்த பின் அது மின்னை மெதுவாகவே வாங்கும், மீதி 20 பங்கு நிறையப் பல மணித்தியாலங்கள் பிடிக்கும். உப்புவெளிக்கும் திருகோணமலை நகருக்கும் இடையில் ஓடும் ஓட்டத்தில் அந்த மீதி ஒருபோதும் நிறையாது. 65 அம்பியர் மணித்தியாலப் பற்றரி ஒன்றை 6 அம்பியர் அளவில் ஓர் இரவு முழுவதும் சார்ஜரில் விட்டால் போதும். ஏற்றும்போது பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவரும் என்பதால் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பக்கத்தில் எவரும் சுருட்டோ சிகரெட்டோ பற்றவைக்க வேண்டாம்.

சார்ஜரிலிருந்து எடுத்த கையோடு அளந்தால் மீற்றர் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும். நாலைந்து மணித்தியாலம் சும்மா விட்டுப் பின் அளவுங்கள். 12.6 அல்லது 12.7 வோல்ற்று வந்தால் பற்றரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு. இந்த எண்களுக்கு இடையில் உள்ள வித்தியாசம் மிகச் சிறிது என்பதை மனதில் வையுங்கள். ‘பன்னிரண்டு வோல்ற்று இருக்கிறது, பற்றரி நல்லது’ என்று ஒருவர் சொல்லும்போது, உண்மையில் அவர் முக்கால்வாசி வெறுமையான பற்றரியைப் பற்றித்தான் சொல்கிறார். முழுமையாக ஏற்றிய பின்னும் 10.5 அளவிலேயே நின்றால், ஆறு அறைகளில் ஒன்று செத்துவிட்டது. அந்தப் பற்றரியோடு மேற்கொண்டு போராட வேண்டாம்.

நிறைந்த பற்றரியை வானில் பூட்டி, ஒரு தடவை ஸ்டார்ட் செய்து நிறுத்துங்கள். பிறகு 10 மில்லிமீற்றர் ஸ்பானரால் மறை முனையின் வயரை, அதாவது மைனஸ் வயரை மட்டும் கழற்றி, அது முனையைத் தொடாதபடி துணியால் சுற்றி வைத்துவிட்டு, இரண்டு இரவுகள் வானை அப்படியே விடுங்கள். மூன்றாம் நாள் காலை பற்றரியை அளந்து, வயரைப் பூட்டி, திறப்பைத் திருப்புங்கள். வான் முதல் திருப்பலிலேயே வேகமாகச் சுற்றி ஸ்டார்ட் ஆனால், பற்றரியில் குறை இல்லை, வாகனத்தின் ஏதோ ஒரு சுற்று அதை உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருக்கிறது என்பது உறுதியாகிவிடும். வயரைக் கழற்றி வைத்திருந்தும் வோல்ற்றளவு இறங்கியிருந்தால், குற்றம் பற்றரியின் உள்ளேயே இருக்கிறது. பணச் செலவே இல்லாத இந்தச் சோதனையை முதலாவது பற்றரியை மாற்றுவதற்கு முன்பே யாராவது செய்திருந்தால், இவ்வளவு பணம் உங்கள் கையை விட்டுப் போயிருக்காது.

உங்கள் வானில் மின்கசிவுதான் என்பதில் எனக்குப் பெரிய ஐயம் இல்லை. கசிவின் அளவைக்கூட உங்கள் கடிதத்திலிருந்தே ஓரளவு கணிக்கலாம். எந்த வாகனமும் நிற்கும்போது சிறிதளவு மின்னை எடுக்கும். மணிக்கூடு, ரேடியோவின் நினைவகம், களவு எச்சரிக்கை மணி ஆகியவற்றுக்கு அது தேவை. அது 50 மில்லி அம்பியருக்குள் இருந்தால் வழமையானது. அந்த அளவில் ஒரு நாளைக்கு 1.2 அம்பியர் மணித்தியாலமே செலவாகும். 65 அம்பியர் மணித்தியாலப் பற்றரி பாதியாக இறங்க ஏறக்குறைய நாலு வாரங்கள் ஆகும். உங்கள் வான் ஓர் இரவில் சோர்ந்து, இரண்டு மூன்று இரவுகளில் படுத்துவிடுகிறது. குறுகிய ஓட்டங்களால் பற்றரி அரையும் குறையுமாகவே ஏறியிருந்திருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கசிவு 300 இற்கும் 600 மில்லி அம்பியருக்கும் இடையில் இருக்கலாம் என்பது என் கணிப்பு. 5 வாற்று மின்குமிழ் ஒன்று இரவும் பகலும் எரிந்தால் எடுப்பது 400 மில்லி அம்பியருக்குச் சற்றுக் கூட, அதாவது ஒரு நாளைக்கு 10 அம்பியர் மணித்தியாலம். டீசல் எஞ்சினை ஸ்டார்ட்டுக்கு முன் சூடாக்கும் ஹீற்றர் பிளக்குகளின் ரிலே (மின்னால் இயங்கும் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டு விடாமல் இருப்பதையும் சிலர் காரணமாகச் சொல்வார்கள். ஆனால் அவை பல பத்து அம்பியர்களை இழுப்பவை. அது நடந்திருந்தால் வான் ஓர் இரவைக்கூடத் தாண்டாது, இரண்டு மணித்தியாலத்தில் பற்றரி வெறுமையாகியிருக்கும். ஆகவே அதை இப்போதே விலக்கிவிடலாம்.

இதே கணக்கால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘கிட்டத்து ஓட்டம்தான் ஓடுகிறீர்கள், அதனால்தான் பற்றரி இறங்குகிறது’ என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஸ்டார்ட்டர் மூன்று செக்கன்களுக்கு 250 அம்பியர் எடுத்தாலும் செலவாவது கால் அம்பியர் மணித்தியாலத்துக்கும் குறைவு; சில நிமிட ஓட்டத்தில் அது திரும்பிவிடும். கிட்டத்து ஓட்டம் பற்றரி முழுதாக நிறைவதைத் தடுக்கும், அதன் ஆயுளையும் குறைக்கும். ஆனால் இரண்டு இரவுகளில் அதை வெறுமையாக்காது.

கசிவை அளக்கும் முறையைக் கவனமாகப் படியுங்கள். மீற்றரின் சிவப்பு வயரை 10 அம்பியர் என்று குறித்த துளையில் செருகி, மீற்றரை நேர்மின்னோட்ட அம்பியர் அளவுக்குத் திருப்புங்கள். வானின் எல்லா விளக்குகளையும் ரேடியோவையும் நிறுத்தி, திறப்பை வெளியே எடுத்து, கதவுகளை மூடுங்கள். பிறகு மறை முனையின் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் பற்றரியின் மறை முனைக்கும் நடுவில் மீற்றரைத் தொடுக்க வேண்டும். வாகனத்துக்குள் போகும் மின் முழுவதும் இப்போது மீற்றரின் வழியாகவே போகிறது. இந்த நிலையில் ஒருபோதும் திறப்பைத் திருப்ப வேண்டாம், ஹெட்லைற்றையும் போட வேண்டாம். மீற்றரின் உள் பியூஸ் எரிந்துவிடும். முன்கதவைத் திறந்து வைத்து வேலை செய்ய வேண்டியிருந்தால், கதவின் பூட்டுக் கொழுவியை ஒரு ஸ்குரூ டிரைவரால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவருவதோடு, கதவுச் சட்டத்தில் உள்ள சிறிய சுவிட்ச்சையும் அழுத்திக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் உட்புற விளக்கின் மின்னையும் சேர்த்து அளந்துகொண்டிருப்பீர்கள். உங்களுடையதைப் போன்ற பழைய வான்களில் அளவு சில நிமிடங்களில் நிலைத்துவிடும். புதிய வாகனங்களில் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒவ்வொன்றாக உறங்கப் போவதற்கு அரை மணித்தியாலமும் அதற்கு மேலும் ஆகலாம். அதற்கு முன் வரும் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

நிலைத்த எண்ணை எழுதிக்கொண்டு, பியூஸ் பெட்டியைக் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துவிட்டு, பியூஸ்களை ஒன்றொன்றாகக் கழற்றிப் பாருங்கள். ஒன்றைக் கழற்றும்போது மீற்றர் சடாரென்று இறங்கினால், கசிவு அந்தப் பியூஸின் சுற்றில் இருக்கிறது. அந்தச் சுற்றில் எவை இருக்கின்றன என்பதை மூடியில் உள்ள குறிப்பிலிருந்து அறிந்து, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். இறங்காத பியூஸை அதன் இடத்தில் திரும்பச் செருகிய பிறகே அடுத்ததைக் கழற்றுங்கள்.

சுற்றுலா வான்களில் நான் முதலில் கை வைக்கும் இடம், வாங்கிய பின் பூட்டியவைதான். அம்ப்ளிபயர், தொலைக்காட்சித் திரை, பின்பக்கக் கமரா, முன்கண்ணாடியில் ஒட்டிய கமரா, கைபேசி ஏற்றும் துளைகள், கூரையில் ஓடும் எல்ஈடி பட்டி, வாகனம் எங்கே நிற்கிறது என்று காட்டும் ஜிபிஎஸ் கருவி ஆகியவற்றைப் பூட்டுபவர் அவசரத்தில் திறப்போடு சேர்ந்து நிற்கும் வயரைத் தேடாமல், எந்நேரமும் மின் இருக்கும் வயரில் இணைத்துவிடுவதுண்டு. அம்ப்ளிபயர் ஒன்று பாட்டுப் பாடாமல் சும்மா விழித்திருந்தாலே உங்கள் வானின் கசிவை உண்டாக்கப் போதும். இவற்றின் வயர்கள் சிலவேளை பற்றரியின் நேர் முனையிலிருந்து நேராகப் போகும். அப்படியானால் பியூஸ் பெட்டியில் எதைக் கழற்றினாலும் மீற்றர் அசையாது. ஆகவே நேர் முனையில் தொழிற்சாலை வயரைத் தவிர வேறு மெல்லிய வயர்கள் பூட்டப்பட்டிருக்கின்றனவா என்று முதலிலேயே பார்த்து, இருந்தால் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி மீற்றரைக் கவனியுங்கள்.

அதற்கு அடுத்ததாக நான் சந்தேகிப்பது கடற்கரை ஊர் வாகனங்களுக்கே உரிய ஒன்று. உப்புவெளியில் இரவில் வெளியே நிற்கும் வாகனத்தில் காலையில் கண்ணாடியைத் தொட்டால் கையில் உப்புப் பிசுபிசுக்கும். அந்த உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, கதவுச் சுவிட்ச்சுகளின் உள்ளேயும் மின்குமிழ்களின் பொருத்துகளிலும் கறளையும் பச்சைக் களிம்பையும் உண்டாக்குகிறது. கதவு மூடியிருந்தும் சுவிட்ச்சின் உள்ளே கறள் வழியாக மின் பாய்ந்து, உட்புற விளக்கோ படிக்கட்டு விளக்கோ மங்கலாக எரிந்துகொண்டிருக்கலாம்; பகலில் அது எவர் கண்ணிலும் படாது. டொல்பின் வானின் தள்ளுகதவு நாளுக்குப் பலமுறை அடித்து மூடப்படுவது. அதன் சுவிட்ச்சும், பின்கதவின் சுவிட்ச்சும் சரியாக அழுந்துகின்றனவா என்று இரவில், வீட்டு வெளிச்சத்தை அணைத்துவிட்டு, வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பாருங்கள். வாடைக்காற்று மாதங்களில், ஒக்டோபருக்குப் பின், மழையும் உப்பும் சேர்ந்து அடிக்கும்போது இந்தக் குறை கூடுவது வழமை. அந்தக் காலத்தில்தான் சுற்றுலாவும் ஓய்ந்து வான் நாட்கணக்கில் நிற்கிறது.

எல்லாப் பியூஸ்களையும், பற்றரியிலிருந்து நேராகப் போகும் வயர்களையும் கழற்றிய பின்னும் மீற்றர் இறங்கவில்லை என்றால், மிஞ்சுவது ஒல்டர்னேற்றருக்கும் ஸ்டார்ட்டருக்கும் போகும் தடித்த வயர்கள். பற்றரியை முழுதாகப் பிரித்துவிட்டு, ஒல்டர்னேற்றரின் தடித்த வயரைக் கழற்றி, அதன் நுனியைத் துணியும் டேப்பும் சுற்றிப் பாதுகாத்து, மீண்டும் மீற்றரை இணைத்துப் பாருங்கள். இப்போது கசிவு மறைந்தால் டயோட் ஒன்று கெட்டிருக்கிறது. எஞ்சின் ஓடும்போது மீற்றரை ஆடலோட்ட வோல்ற்றில் வைத்துப் பற்றரி முனைகளை அளந்தால் அரை வோல்ற்றுக்கு மேல் வருவதும் இதே குறையின் அடையாளம். ஒல்டர்னேற்றரை மாற்ற வேண்டி வந்தால் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: உங்கள் வகை டீசல் வானில் பிரேக்குக்கான வெற்றிடப் பம்பு ஒல்டர்னேற்றரின் பின்பக்கத்தில்தான் பூட்டப்பட்டு, எஞ்சின் ஒயிலில் ஓடுகிறது. அதன் சீல் கசிந்தால் ஒயில் ஒல்டர்னேற்றருக்குள் இறங்கி அதையும் கெடுக்கும். குழாய்களைச் சரியாகப் பூட்டாவிட்டால் பிரேக் பெடல் கட்டையாக இறுகிவிடும். மாற்றியவரிடம் அந்தக் குழாய்களையும் ஒயில் கசிவையும் ஒரு தடவை பார்த்துத் தரச் சொல்லுங்கள். கந்தளாய் வீதியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடுபவர் இதை விட்டுவிடக் கூடாது.

இனி மத்தியானத்து ‘டக்’. திறப்பைத் திருப்பும்போது படபடவென்று தொடர்ந்து பல சத்தங்கள் கேட்டால், பற்றரி பலவீனம் அல்லது அதன் முனைத் தொடுப்புகள் சரியில்லை. எந்தச் சத்தமும் இல்லை என்றால் திறப்புச் சுவிட்ச்சையோ ரிலேயையோ பார்க்க வேண்டும். உங்களுடையது ஒரே ஒரு கனத்த ‘டக்’. ஸ்டார்ட்டரின் மேலுள்ள சொலினோய்ட் (மோட்டருக்கு மின்னைத் தொடுக்கும் மின்காந்தச் சுவிட்ச்) இழுக்கிறது, ஆனால் மோட்டர் சுற்றவில்லை. அடுத்த தடவை இது நடக்கும்போது ஹெட்லைற்றைப் போட்டுவிட்டுத் திறப்பைத் திருப்புங்கள். விளக்கு அப்படியே பிரகாசமாக நின்றால், மோட்டருக்கு மின் போகவே இல்லை. விளக்கு வெகுவாக மங்கினால், மின் போகிறது, ஆனால் மோட்டர் இறுகியிருக்கிறது அல்லது வழியில் தொடுப்பு ஒன்று கெட்டிருக்கிறது.

விளக்கு பிரகாசமாகவே நிற்கும் என்று எதிர்பார்க்கிறேன். டொயோட்டா வாகனங்களில் வரும் ஸ்டார்ட்டர்களின் சொலினோய்டுக்குள் இரண்டு செப்புத் தொடுகைத் துண்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் பெரும் மின்னோட்டம் அவற்றின் வழியே தீப்பொறியோடு பாய்வதால், காலப்போக்கில் அவை தேய்ந்து, நடுவில் உள்ள தட்டு அவற்றைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். எஞ்சின் சூடாக இருக்கும்போது இது கூடுவதற்கும் காரணம் உண்டு: செப்புச் சுருளின் தடை ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் நூற்றுக்கு 0.4 அளவில் கூடுகிறது. 60 பாகை கூடினால் தடை ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அதிகரித்து, சொலினோய்ட் இழுக்கும் பலம் குறைகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெளி வெப்பமே 35 பாகையை எட்டும் ஊரில், முன் ஆசனங்களுக்குக் கீழே அடைந்து கிடக்கும் எஞ்சினுக்குப் பக்கத்தில் அந்தச் சூடு சாதாரணம். இந்தச் செப்புத் துண்டுகள் தனியாகக் கிடைக்கும். முழு ஸ்டார்ட்டர் மோட்டரையும் மாற்றுவதற்கு முன், அதைக் கழற்றி இந்தத் துண்டுகளையும் கார்பன் பிரஷ்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கழற்றுவதற்கு முன் மூன்று அளவுகளை எடுக்க வேண்டும். இவற்றைப் பழக்கமான ஒருவரின் கையால் எடுப்பது நல்லது. வானை நியூட்ரலில் விட்டு, ஹான்ட் பிரேக்கை இழுத்து, எஞ்சின் பிடித்துவிடாமல் இருக்க டீசல் பம்பிலுள்ள எரிபொருள் சொலினோய்டின் வயரைக் கழற்றுங்கள். ஒருவர் திறப்பைத் திருப்ப, மற்றவர் பற்றரியின் மறை முனைக்கும் எஞ்சினின் வெறும் உலோகத்துக்கும் இடையில் வோல்ற்றை அளக்க வேண்டும். 0.3 இற்கு மேல் வந்தால் எர்த் வயர், அதாவது மறை முனையை எஞ்சினோடு இணைக்கும் வயர், கெட்டிருக்கிறது. அடுத்ததாகப் பற்றரியின் நேர் முனைக்கும் ஸ்டார்ட்டரின் தடித்த வயர் பூட்டிய ஆணிக்கும் இடையில் அளந்தால், அரை வோல்ற்றுக்குள் இருக்க வேண்டும். இரண்டிலும் மீற்றரின் ஊசி பற்றரியின் ஈய முனையைத் தொட வேண்டும், வயரின் கவ்வியை அல்ல. முனைக்கும் கவ்விக்கும் இடையில் படிந்த வெள்ளைப் பூஞ்சாணமே குற்றவாளியாக இருக்கலாம். மூன்றாவது, ‘டக்’ கேட்கும் அந்தக் கணத்தில் சொலினோய்டின் மெல்லிய வயருக்கு வரும் வோல்ற்று. அது 10 இற்கு மேல் இருந்தும் மோட்டர் சுற்றவில்லை என்றால், முதல் இரண்டு அளவுகளும் சரியாக இருக்கும் பட்சத்தில், பழுது ஸ்டார்ட்டருக்குள்ளேதான். 7, 8 அளவில் நின்றால் ஸ்டார்ட்டர் நிரபராதி. தேய்ந்த திறப்புச் சுவிட்ச் அல்லது அதன் வயர் மின்னைத் தின்கிறது. நடுவில் ஒரு ரிலேயைப் பூட்டினால் அந்தக் குறை தீரும்.

எர்த் வயரை மீற்றர் இல்லாமலும் சோதிக்கலாம். ஜம்பர் கேபிள் ஒன்றின் ஒரு முனையைப் பற்றரியின் மறை முனையிலும் மறு முனையை எஞ்சினின் உலோகத்திலும் நன்றாகக் கவ்விவிட்டுத் திறப்பைத் திருப்புங்கள். சோம்பிச் சுற்றிய எஞ்சின் துள்ளிச் சுற்றினால், எர்த் வயரை மாற்றுங்கள். கடற்கரையோர வாகனங்களில் இந்த வயர் வெளியே நல்லதாகத் தோன்றும். உறையைக் கீறிப் பார்த்தால் செப்பு இழைகள் பச்சையாகி மாவாக உதிரும். உங்கள் காலைநேரச் சோம்பலிலும் இதற்கு ஒரு பங்கு இருக்கக்கூடும்.

முனைகளைச் சுத்தம் செய்ய, அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றித் தேய்த்து, கழுவித் துடைத்து, இறுக்கிப் பூட்டிய பின் வாஸ்லின் பூசுங்கள். பற்றரிக்குக் காய்ச்சி வடித்த பற்றரித் தண்ணீரை மட்டுமே விட வேண்டும். உப்புவெளிக் கிணற்றுத் தண்ணீரில் உள்ள உப்பு ஈயத் தட்டுகளை அரித்துவிடும். கொதிக்க வைத்து ஆற்றினாலும் உப்பு போகாது.

இதைப் படிக்கும் அக்குவா, பிரியஸ், அக்ஸியோ ஹைபிரிட் கார்க்காரருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் காரில் ஸ்டார்ட்டர் மோட்டர் இல்லை. பின்பக்கத்தில் இருக்கும் சிறிய 12 வோல்ற்றுப் பற்றரி கணினிகளை விழிக்கச் செய்வதற்கு மட்டுமே. கசிவைத் தேடும் முறை அதற்கும் பொருந்தும். ஆனால் அந்தப் பற்றரியிலிருந்து இப்படியான டீசல் வானுக்கு ஜம்ப் கொடுக்க முன்வர வேண்டாம். செலவு உங்கள் தலையில் விழும்.

கசிவைக் கண்டு திருத்திய பிறகும், வானை ஒரு கிழமைக்கு மேல் ஓடாமல் நிறுத்துவதாயின் மறை முனையைக் கழற்றி வையுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை சார்ஜரில் போடுங்கள். வெறுமையாகவே கிடக்கும் பற்றரியின் தட்டுகளில் ஈயச் சல்பேற்று இறுகிப் படிந்து, பின்பு எவ்வளவு ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. உங்கள் முதலாவது பற்றரி அநேகமாக இப்படித்தான் போயிருக்கும். இப்போதுள்ளதும் பல தடவை முற்றாக இறங்கி எழுந்தது. உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தால், முழுமையாக ஏற்றிய பின் விற்ற கடைக்குக் கொண்டுபோய், சுமை கொடுத்துச் சோதிக்கும் கருவியில் பார்க்கச் சொல்லுங்கள். சுமையின் கீழ் 15 செக்கன்களுக்கு 9.6 வோல்ற்றுக்குக் குறையாமல் நின்றால் அதையே வைத்துக்கொள்ளலாம். ஸ்டார்ட்டரை மாற்றச் சொன்ன கராஜுக்குப் போகும்போது, மேலே சொன்ன மூன்று அளவுகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அவர்கள் எடுக்கும் அளவுகளையும் அதே தாளில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். வேலை தெரிந்தவர் அதைக் குறையாக எடுக்க மாட்டார். கசிவின் எண்ணையும், எந்தப் பியூஸைக் கழற்றியபோது அது இறங்கியது என்பதையும் எனக்கு எழுதினால், அந்தச் சுற்றில் அடுத்து எங்கே பார்க்க வேண்டும் என்பதை இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.